பினாங்கில் ஒரு மாதம், ஆஹெனில் ஒரு மாதம்

முதலில் வாசித்தது ஒரு இங்கிலாந்துக்காரனின் பியர்க் கணக்கு. ஆள் மலேசியாவில், பினாங்கில் சில வருடமாக இருக்கிறானாம். வாடகைக்குக் கொடுப்பதைவிடக் குடிக்கிறதுக்குக் கொடுப்பது கூடவாம். அதை ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையோடேயே இன்ரநெற்றில் எழுதி வைத்திருந்தான். அதுக்குக் கீழே ஒரு ஒல்லாந்துக்காரன், பூனைச் சாப்பாட்டைச் சேர்க்க மறந்துவிட்டாய் என்று அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பூனை இல்லாமல் ஒரு மாதச் செலவா, அது ஒரு வாழ்க்கையா என்று கேட்டிருந்தான்.

இதையெல்லாம் நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் எங்கள் கெல்சென்கிர்ச்சன் வீட்டு ஹாலில், செற்றியில் அவர், நிலத்தில் நான், மடியில் என்னுடைய பழைய லப்டொப். வாசல் நடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த இன்ரநெற் வயர் அம்மாவின் காலுக்குக் குறுக்கே கிடந்தது. அம்மா உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தா.

“பூனை எங்களுக்கு வேண்டாம்,” என்றார் அப்பா. “பியரையும் எடு. மிச்சம் எவ்வளவு?”

“பொறுங்கோ அப்பா. மசாஜ் எண்டு ஒண்டு போட்டிருக்கிறான். கிழமைக்கு மூண்டுதரம்.”

“அதையும் எடு.”

“எடுக்கத்தான் வேணும்,” என்றா அம்மா, அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்து.

பினாங்கில் போய் இருக்கிற யோசனை அப்பாவுக்கு வந்தது பள்ளிக்கூடத் தோழர் ஒருவரால். இரண்டு வயது மூத்தவர், அதனால் அப்பாவுக்கு அண்ணை. மாதத்தில் ஒருக்கால் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் லீவுக்குப் பினாங்கு போய்விட்டு வந்து, பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரே அலட்டல். அங்கே ஞாயிறுக்கு ஞாயிறு தமிழ்ப் பூசையாம். மீன் விற்கிறவனும் தமிழ், மருந்துக்கடைக்காரனும் தமிழ். ஜெர்மனியில் ஒரு மாதம் வீடு சூடாக்குகிற காசில் அங்கே ராசா மாதிரி இருக்கலாமாம். அப்பா அன்றைக்கு ரோல்ஸ் சாப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

அப்பா பதினெட்டு வருடம் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். பிறகு முதுகு போய்விட்டது. இனி வேலைக்கு ஏலாது என்று எழுதி, ஒரு சின்ன பென்சனைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போகலாம் என்றால் அங்கே சண்டை. வீட்டில் இருந்தால் ரீவி, யன்னல், மறுபடி ரீவி. அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அவவுக்கு இன்னும் கொஞ்ச வருட வேலை பாக்கி இருந்தது. திட்டம் இதுதான்: அப்பா முதலில் போய் அங்கே ஒரு அறை எடுத்து இருப்பது, அம்மா வேலை முடிந்ததும் பின்னால் போவது.

“முந்தி எங்கட ஆக்கள் மலாயாவில உழைச்சு, பென்சனோட யாழ்ப்பாணம் வந்து இருந்தவங்கள்,” என்றார் அப்பா. “மலாயன் பென்சனியர் எண்டால் ஊரில ஒரு மரியாதை. நான் ஜெர்மன் பென்சனோட மலாயாவுக்குப் போறன். கணக்குச் சரிதானே.”

“விசா மூண்டு மாசம்தான் அப்பா. அதுக்கிடையில தாய்லாந்து எல்லைக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வரோணுமாம். இவங்கள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்கள்.”

“எல்லை கடக்கிறது எனக்குப் பழக்கம்தானே. இந்தமுறை பாஸ்போட்டோட.”

அம்மாவும் சிரித்தா. அப்பா இப்படித்தான். தமிழில் அவர் வாயைத் திறந்தால் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். ஜெர்மன் மொழியில் அப்பாவுக்குப் பகிடி இல்லை. களஞ்சியத்தில் படித்த ஜெர்மன்தான்: இடது, வலது, கவனம், முடிஞ்சுது. மிச்சத்துக்கு நான். சின்ன வயதிலிருந்தே கந்தோர், டொக்டர், வங்கி என்று நேரம் குறித்துப் போகிற எல்லா டெர்மினுக்கும் அவருடைய வாய் நான்தான். அவர் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். டொக்டர் அவரைப் பார்த்துக் கேட்பார், அவர் என்னைப் பார்ப்பார். எங்களோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே இப்படித்தான். அதை ஒரு பெரிய கதையாக நான் நினைத்ததில்லை. சில நாட்களில் கடுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி என்னைப் பற்றி. நான் ஆஹெனில் படித்தேன். முதலில் இயந்திரப் பொறியியல். அது எனக்குச் சரிவராது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து செமெஸ்டர் பிடித்தது. பிறகு கட்டடக்கலைக்கு மாறினேன். அவ்வளவு பிந்தி மாறினால் அரசாங்கம் படிப்புக்காசை நிறுத்திவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தெரியும் தெரியும் என்றேன். நிறுத்திவிட்டார்கள். அதுக்குப் பிறகு என் அறை வாடகை, சாப்பாடு, மொடல் செய்கிற மட்டை, பசை எல்லாம் அப்பாவின் பென்சனிலிருந்து. போட்டோக்கொப்பி எடுக்கிற ஒரு கொப்பிக் கடையில் கொஞ்ச நேரம் வேலை செய்தேன், அந்தக் காசு வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு. கட்டடக்கலை படிக்க ஆஹென் வரை போகத் தேவையுமில்லை. வீட்டிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில், டோர்ட்முண்டில், அதே படிப்பு இருந்தது. ஆனால் ஆஹெனில் எனக்கு ஒரு அறை இருந்தது. கதவுக்கு என் திறப்பு. எத்தனை மணிக்கு வந்தாய், யாரோடு வந்தாய் என்று கேட்க ஆளில்லை. கலியாணம் கட்டாத பொம்பிளைப் பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று பூசைக்கு வரும் சனம் கதைத்தபோது, அப்பாதான் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்: “அவள் வீடு கட்டப் படிக்கிறாள். உங்களுக்கும் ஒரு நாளைக்குக் கட்டித் தருவாள், இப்ப வாயை மூடுங்கோ.”

சரி, கணக்கு. பியர், பூனை, மசாஜ் போயிற்று. வெள்ளைக்காரன் எழுதாததையும் நாங்கள் சேர்க்கவேண்டியிருந்தது. கோயில் காணிக்கை, ஊருக்குக் கதைக்க ரெலிபோன் கார்ட், யாராவது செத்தால் கொடுக்கிற காசு, பெண்பிள்ளை பெரிசானால் சாமத்தியவீட்டுக்குக் கொடுக்கிற கவர். அங்கே போயும் சாமத்தியவீடு வருமா என்று கேட்டேன். தமிழ்ச் சனம் இருந்தால் வரும் என்றார் அப்பா. முதுகுக்கு மருந்தும் போட்டோம். மோட்டார்சைக்கிளை வெட்டி பஸ்சைப் போட்டோம். கடைசியில் கீழே ஒரு தொகை வந்து நின்றது.

நான் அதை வாசித்தேன். அம்மா ஒரு சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டே, சந்தையில் வெங்காய விலை சொல்கிற மாதிரிச் சொன்னா:

“அது இவளுக்கு ஆஹெனுக்கு அனுப்பிற காசுதானே.”

உண்மைதான். தொகையைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சொல்லாமல் விட்டிருந்தால் நானும் சொல்லாமல் விட்டிருப்பேன். என்னுடைய ஒரு மாதமும் அப்பாவின் ஒரு மாதமும் கிட்டத்தட்ட ஒரே விலை. பென்சன் ஒன்று. இந்த வீட்டு வாடகையில் அவருடைய பங்கு போக மிஞ்சுவது ஒரு ஆளுக்குத்தான் காணும். ஒன்றில் நான் ஆஹெனில், இல்லையென்றால் அவர் பினாங்கில்.

“பக்கத்தில டோர்ட்முண்டிலயும் உதே படிப்புக் கிடக்காம்,” என்றா அம்மா, சேர்ட்டுக்குச் சொல்வது போல.

நான் அப்போது சொன்னேன்: “நான் வேணுமெண்டால் வீட்டை வாறன் அப்பா. டோர்ட்முண்டில படிக்கிறன். நீங்கள் போங்கோவன்.”

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. முதல்தரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். தேத்தண்ணி என்றாலும் சரி, காசு என்றாலும் சரி. இரண்டாம்தரம் கேட்டால், ஏன் உங்களுக்குக் கரைச்சல் என்று சொல்லவேண்டும். மூன்றாம்தரமும் கேட்டால்தான் கேட்டவர் மனதோடு கேட்டார் என்று அர்த்தம், அப்போது வாங்கலாம். ஜெர்மன்காரர் ஒருதரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், தட்டு உள்ளே போய்விடும். எனக்கு இரண்டு முறையும் தெரியும். எது எப்போது வசதி என்பதும் தெரியும்.

“சீ, உனக்கென்ன விசரே,” என்றார் அப்பா. “படிப்பைக் குழப்பிக்கொண்டு வாறதே. வேண்டாம்.”

சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார். விரிக்கவில்லை. முழங்காலில் வைத்து மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளி எதுக்கென்று இந்த வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாதா. அதில் நான் சொல்லவேண்டியது, இல்லையப்பா, உண்மையாத்தான் சொல்லுறன், என்பது.

“அப்ப சரி அப்பா,” என்று சொல்லி லப்டொப்பை மூடினேன்.

அம்மா என்னைப் பார்த்தா. வயரைச் சுற்றிக்கொண்டு நான் வாசல் நடைக்குப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் ஆஹெனுக்குத் திரும்பும்போது எசனில் ரயில் மாறவேண்டும். மேடையில் நின்றபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்லாமல் மிச்சத்தை எழுதுவது சரியில்லை. சோதனையில் தப்பிய மாதிரி ஒரு சந்தோசம். கோப்பி வாங்கினேன், சொக்லேற் போட்ட ஒரு பணிசும் வாங்கினேன். அறைக்கு வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கட்டிலைப் பார்த்ததும்தான் அந்தச் சந்தோசம் நின்றது. நான் கேட்டேன்தானே, வேண்டாம் என்று சொன்னது அவர்தானே என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை முழுக்க அந்த விளக்கத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அம்மாவோடு ரெலிபோனில் கதைக்கும்போது அதைச் சொல்லியும் பார்த்தேன்.

“நான் கேட்டனான்தானே அம்மா.”

“ஓம்,” என்றா அம்மா. “ஒருக்கா.”

பிறகு மழை, அரிசி விலை என்று வேறு கதைக்குப் போய்விட்டா.

அப்பா பினாங்கு போனார், லீவுக்கு. அடுத்த வசந்தத்தில் ஆர்மோனிய அண்ணை திரும்பப் போகும்போது, அம்மா தன்னுடைய விடுமுறைக்காசை எடுத்துக் கொடுத்து, நீங்களும் போய்ப் பாத்திட்டு வாங்கோ என்று அனுப்பினா. மூன்று கிழமை. போகிற நேரம் விமான நிலையத்தில் நான் அவரோடு வரிசையில் நின்று கதைத்தேன். கையெழுத்து எங்கே, பெட்டி எத்தனை கிலோ, எல்லாம் என் வாயால்தான். ஆர்மோனிய அண்ணை முன்னுக்குப் போய்விட்டார்; கடைசித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனதும் அப்பா திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். அங்கேயிருந்த பொலிஸ்காரர் ஏதோ கேட்க, மறுபடி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

ஒரு சனிக்கிழமை அங்கிருந்து ரெலிபோன் எடுத்தார். ஒரே இரைச்சல். பாத்திரம், ஹோர்ன், யாரோ பாடும் சத்தம். அப்பா நடுவில் வாயை அந்தப் பக்கம் திருப்பி யாருக்கோ சத்தமாக ஏதோ சொன்னார். அங்கே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா இவ்வளவு வேகமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

“யார் அப்பா அது?”

“சலூன்காரன். காலமை முழுக்க இஞ்சதான் இருக்கிறன்.”

“தலைமயிர் வெட்டவோ?”

“இல்லை. சும்மா கதைக்க. நான் ஓம் எண்டு சொல்லச் சொல்ல இவங்களுக்கு ஒரே சிரிப்பு. இந்தியாத் தமிழ்தானே இவங்கட, ஆமா எண்டுதான் சொல்லுவாங்கள். திரும்பவும் ஓம் சொல்லுங்கோ எண்டு கேக்கிறாங்கள். நான் காசு கேட்டிருக்கிறன், ஒரு ஓமுக்கு இவ்வளவு எண்டு.”

நான் சிரித்தேன். பிறகு அவர் சொன்னார், நேற்று ஒரு டொக்டரிடம் போனாராம். தமிழ்ப் பொம்பிளை. தனியப் போனாராம்.

“முதுகு எப்பிடி நோகுது எண்டு நானே சொன்னனான். காலமை எழும்பேக்க ஆரோ உள்ளுக்க நிண்டு கதவை இழுத்துச் சாத்திற மாதிரி எண்டு. பேந்து மத்தியானத்தில அது கீழ இறங்கி, காலுக்க எறும்பு ஊருற மாதிரி வரும் எண்டு. முழுக்கக் கேட்டவ. கேட்டிட்டு, அந்த எறும்பு எந்த விரல் மட்டும் போகுது எண்டு கேட்டவ.”

எனக்குத் தெரிந்து ஜெர்மன் டொக்டர்களிடம் நான் அதை எப்போதும் ஒரே சொல்லில்தான் சொன்னேன். முதுகுவலி. எப்படி நோகுது என்று டொக்டர் கேட்பார், அப்பா ஏதோ நீட்டி முழக்கிச் சொல்லுவார், நான் ‘கடுமையாக’ என்பேன். எனக்கு விரிவுரைக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும். கதவும் எறும்பும் அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பாரோ. ஒருநாளும் நான் அதைத் தூக்கி மேசையில் வைக்கவில்லை.

“ஒரு அறையும் பாத்தனான்,” என்றார். “சும்மா. கடைக்கு மேல.”

“எப்பிடி அப்பா?”

“காத்து வரும். கீழ ஒரு தேத்தண்ணிக் கடை. வீட்டுக்காரி, எப்ப வாறியள் எண்டு கேட்டவ. நான் இல்லையம்மா, சும்மா பாக்க வந்தனான் எண்டு சொன்னனான்.”

பிறகு ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. அது இரண்டாம்தரம் கேட்பதற்கு வந்த இடம். நான் கட்டிலில் இருந்தேன். சுவரில் அந்த செமெஸ்டர் கட்டடப்படக் கீறல்கள் எல்லாம் ஒட்டியிருந்தன, கீழே குசினியில் என்னோடு படிக்கிறவர்கள் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் வரைக்கும் வந்தது. கார்ட்டில் காசு முடியப்போகிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. சரி பிள்ளை, சாப்பிடு என்றார் அப்பா. கட்டாகிவிட்டது. அந்தப் பெண் குரலுக்கு நான் நன்றி சொன்னேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது.

வந்த பிறகு அப்பா பினாங்கைப் பற்றிக் கதைக்கவில்லை. மண்டபத்தில் யாராவது கேட்டால், சரியான வெக்கை, எங்களுக்குச் சரிவராது என்பார். ஆர்மோனிய அண்ணை வாயைத் திறக்கப் போவார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். மாதம் பிறந்தால் என் வாடகை ஒருநாளும் பிந்தாமல் வந்தது. நான் கொப்பிக் கடையில் நேரம் கூட்டிக் கேட்டேன், கொடுத்தார்கள். அது அப்பாவின் பங்கில் ஒரு துண்டைத்தான் குறைத்தது. எஞ்சியதைக் குறைக்க எனக்கு வழி தெரிந்தேயிருந்தது. நான் அதைச் செய்யவில்லை.

அந்த மாரிக் குளிரில்தான் அவர் முதல்முறை ஆஹெனுக்கு வந்தார். அதுவரை அவர் என் அறையைப் பார்த்ததில்லை. கெல்சென்கிர்ச்சனில் சனங்கள் பழைய சாமான்களைத் தெருவில் வைக்கும் நாளில், படம் கீறுகிறவர்கள் மேசையில் பூட்டும் நீளக்கழுத்து விளக்கு ஒன்றைப் பார்த்து எடுத்து, திருத்தி, துடைத்து, ரயிலில் கொண்டு வந்திருந்தார். படியேறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்றார். நான் விளக்கை வாங்கப் போனேன், தரவில்லை.

உள்ளே வந்து கட்டில் நுனியில் இருந்தார். சுற்றிப் பார்த்தார். ஒரு வாசிங் மெசின் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு என்றார். எழும்பிப் போய் ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தார், தண்ணிக் குழாயைத் திறந்து பார்த்தார்.

“சுடுதண்ணியும் சேத்தோ வாடகை?”

“ஓம் அப்பா.”

“கறன்ட்?”

“அதுவும் சேத்துத்தான்.”

“அப்ப பரவாயில்லை,” என்றார். “நல்ல வெளிச்சமும் வருது.” உண்மையிலேயே சந்தோசப்பட்டார். கொடுத்த காசுக்கு நல்ல சாமான் வாங்கிவிட்ட ஒருவரின் சந்தோசம். எனக்கு அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய கீறல் ஒன்று மேசையில் பாதியில் கிடந்தது. அப்பா விளக்கைப் பூட்டி, கழுத்தை வளைத்து, வெளிச்சம் கடதாசியில் விழப்பண்ணினார். சாப்பிட என்ன கிடக்கு என்று கேட்டார். ஒன்றுமில்லை. பாணும் முடிந்துவிட்டது.

“முன்னால ஒரு பேக்கரி பாத்தனான். நீ கீறு, நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்.”

“நானும் வாறன் அப்பா.”

“வேண்டாம், நீ கீறு.”

அவர் போனதும் நான் யன்னலுக்குப் போனேன். பேக்கரி தெருவுக்கு அந்தப் பக்கம், நேரே தெரியும். உள்ளே வரிசை. அப்பா கதவடியில் நின்றார். உள்ளே போகவில்லை. ஒரு கிழவி நாயோடு வந்தா, அவர் ஒதுங்கிக் கதவைப் பிடித்து அவவை முன்னே விட்டார். பிறகு இரண்டு பெடியன்கள், அவர்களையும் விட்டார். கண்ணாடிக்குள் இருக்கும் கேக்குகளைப் பார்ப்பது போலக் குனிந்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. கடை வெறுமையாகும் வரைக்கும் நிற்கிறார். பின்னால் ஆளில்லாத நேரத்தில் உள்ளே போய், அவசரமில்லாமல், தன்னுடைய ஜெர்மனில் கேட்கலாம்.

குளிர். அவர் கையுறையை என் கட்டிலில் விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் சப்பாத்தைப் போட்டு, படியிறங்கி, தெருவைக் கடந்து போயிருக்கலாம். போனால் நான்தான் கதைக்கவேண்டும், அவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்ப்பார். போகாவிட்டால் இப்படி நிற்பார். எது நல்லது என்று யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டு யன்னலிலேயே நின்றேன். இன்னொரு பொம்பிளை தள்ளுவண்டிலில் பிள்ளையோடு வந்தா. அவர் கதவைப் பிடித்தார்.

கடைசியில் உள்ளே போனார். அவருடைய கை மேலே போவதும், விரல் காட்டுவதும், பிறகு இல்லை, அதுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் நகர்வதும் தெரிந்தது. பையோடு வெளியே வந்தார். நான் ஓடிப்போய்க் கதிரையில் இருந்து பென்சிலை எடுத்தேன்.

“என்ன அப்பா இவ்வளவு நேரம்?”

“கடையில சனம்,” என்றார், கைகளைத் தேய்த்துக்கொண்டு. பையைக் கீறலுக்குத் தள்ளி வைத்தார், எண்ணெய் படாமல்.